டவுன்லோட் பொத்தான் ஏன் வரவில்லை?

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய கச்சேரியைக் கேட்க முடிகிறது, டவுன்லோட் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கணினியில் கோளாறு இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் அந்தக் குழுவின் சவுண்ட்போர்டு பதிவுகளை, அதாவது ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேராக எடுத்தவற்றை, 2005 கடைசியிலிருந்து கேட்க மட்டும்தான் விடுகிறார்கள். ரசிகர்கள் கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தவற்றை இறக்கிக்கொள்ளலாம். அதே தேதியில் ஆடியன்ஸ் பதிவாகப் பார்த்துத் தேடுங்கள். முதலில் மங்கலாகத்தான் இருக்கும், பத்து நிமிடம் பொறுங்கள். கைதட்டலும் கச்சேரி நடந்த பார்ட்டன் ஹாலின் எதிரொலியும் சேர்ந்து உங்களைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் ஒரு பாட்டு நிற்காமலே அடுத்ததற்குள் நழுவும். அங்கே ஃபில் லெஷ் வாசிக்கும் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். எனக்கு இன்றும் சிலிர்க்கும். அப்புறம், குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் எடுத்த தெளிவான பதிவு 2017இல் அதிகாரபூர்வமாகவே வந்துவிட்டது. முடிந்தால் அதை வாங்கிவிடுங்கள்.