வாசகர் கேள்விகள்: கீழிறங்கிய அணியும் புதிய பருவமும்

கேள்வி: பல ஆண்டுகளாக இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். எங்கள் லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி 2023இல் முதல் நிலைப் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. மறு ஆண்டே ஏறியது. இந்த ஆண்டு, 2025இல், மீண்டும் இறங்கிவிட்டது. ஆகஸ்டில் தொடங்கும் பருவத்தை எந்த மனநிலையோடு எதிர்கொள்வது? உடனே மேலேறிவிடுவோம் என்று நம்பலாமா? சீசன் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்றே தயக்கமாக இருக்கிறது.

பதில்: டிசம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை சொந்த மைதானத்தில் ஆடிய ஒன்பது லீக் ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்று, அவற்றில் ஒரு கோல்கூட அடிக்காத ஓர் அணியைக் குளிரிலும் மழையிலும் சென்று பார்த்தவர்களுக்கு இந்தத் தயக்கம் வருவது இயல்பு. ஏப்ரல் 20 அன்று லிவர்பூலிடம் 0-1 என்று தோற்றபோது, இன்னும் ஐந்து ஆட்டங்கள் எஞ்சியிருக்கும்போதே உங்கள் அணியின் விதி முடிவாகிவிட்டது. இருந்தும், டிக்கெட் எடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் மே மாதத்தில் மேலேறினால்தான் இந்தப் பருவம் வெற்றி என்ற கணக்கோடு மைதானத்துக்குள் நுழையாதீர்கள்.

காரணம், உங்கள் அணியின் அண்மைய வரலாற்றிலேயே இருக்கிறது. 2023இல் இறங்கிய அணி, என்சோ மரெஸ்காவின் பயிற்சியில் 97 புள்ளிகள் எடுத்து இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஊரே கொண்டாடியது, கொண்டாடியதில் தவறும் இல்லை. ஆனால் சில வாரங்களுக்குள் மரெஸ்கா செல்சி அணிக்குப் போனார். நடுக்களத்தைத் தாங்கிய டியூஸ்பரி-ஹாலும் அவரைத் தொடர்ந்து அங்கேயே சென்றார். அடுத்து வந்த ஸ்டீவ் கூப்பர் நவம்பரில் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் ரூட் வான் நிஸ்டல்ரோய் வந்தார். ஒரே ஆண்டுக்குள் மூன்று பயிற்சியாளர்களின் மூன்று விதமான ஆட்டமுறைகளுக்கு இடையே அலைந்த அணி 25 புள்ளிகளோடு பருவத்தை முடித்தது. முதல் இறக்கத்துக்கு எது காரணமோ அது சரிசெய்யப்படாமலே அணி மேலே போய்விட்டது என்பதே என் கணிப்பு. விரைவான ஏற்றம் அந்தக் குறைகளை ஓராண்டுக் காலம் மறைத்து வைத்தது, அவ்வளவுதான்.

லெஸ்டர் மட்டும் இப்படி விழவில்லை. 2023இல் மேலேறிய பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட், லூட்டன் மூன்றும் அடுத்த ஆண்டே இறங்கின. 2024இல் மேலேறிய லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் அவ்வாறே இறங்கின. ஏறுவதைவிட ஏறிய இடத்தில் நிற்பதற்கு வேறொரு தயாரிப்பு தேவை என்பதை இந்த இரண்டு பருவங்களும் காட்டிவிட்டன.

பொறுமைக்கு என்ன பலன் என்று நீங்கள் கேட்கலாம். 2008 மே மாதம், ஸ்டோக் நகரில் 0-0 என்று முடிந்த ஆட்டத்தோடு, லெஸ்டர் சிட்டி தன் வரலாற்றில் முதன்முறையாக மூன்றாம் நிலைப் பிரிவுக்குச் சரிந்தது. பயிற்சியாளர் நைஜல் பியர்சன் அடுத்த ஆண்டே அணியை மேலே கொண்டுவந்தார். ஆனால் அதற்கு மேல் ஒரு படி ஏற 2014 வரை ஆயிற்று. இடையில் 2013இல் வாட்ஃபோர்டில் நடந்ததை உங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேலேற எஞ்சிய ஓர் இடத்துக்கான பிளே-ஆஃப் தொடரின் அரையிறுதி, அதன் இரண்டாம் ஆட்டம், இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்களும் சமம், தொண்ணூறு நிமிடங்களுக்குப் பின் ஈடாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களின் கடைசிக் கணங்கள், லெஸ்டருக்கு ஒரு பெனால்டி. லெஸ்டர் வீரர் நாக்கார்ட் உதைத்த பந்தை வாட்ஃபோர்டு கோல்கீப்பர் அல்முனியா தடுத்தார். திரும்பி வந்த பந்தை நாக்கார்ட் மீண்டும் உதைக்க, அதையும் அல்முனியா தடுத்தார். அங்கிருந்து பந்து மைதானத்தின் மறுமுனைக்குப் பாய்ந்தது. சில நொடிகளில் டிராய் டீனி வாட்ஃபோர்டுக்காகக் கோல் அடித்தார். இறுதிப் போட்டிக்குப் போயிருக்க வேண்டிய அணி வீட்டுக்குத் திரும்பியது.

அந்தத் தோல்விக்குப் பிறகும் கழகம் பியர்சனை நீக்கவில்லை, அணியையும் கலைக்கவில்லை. அடுத்த பருவத்தில் அதே அணி 102 புள்ளிகள் எடுத்து மேலேறியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்த ஆண்டி கிங், 2009இல் மூன்றாம் நிலை, 2014இல் இரண்டாம் நிலை, 2016இல் முதல் நிலை என மூன்று பிரிவுகளின் பட்டங்களையும் லெஸ்டர் சட்டையிலேயே வென்றார். 2013ஆம் ஆண்டுத் தோல்வியில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருந்தால், பின்னால் வந்தவற்றில் எதுவுமே நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, ஆகஸ்ட் 10 அன்று ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயோடு நடக்கும் முதல் ஆட்டத்தில் புள்ளிப் பட்டியலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்த 2025 கோடையில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியிலிருந்து வந்திருக்கும் புதிய பயிற்சியாளர் மார்ட்டி சிஃபுவென்டெஸ் என்ன விதமான ஆட்டத்தை ஆட வைக்கிறார், அதற்கேற்ற வீரர்களைக் கழகம் தேடுகிறதா, நான்கு ஆட்டங்கள் தோற்றாலும் அவரை விட்டுவைக்கிறதா என்று பாருங்கள். 46 ஆட்டங்கள் கொண்ட நெடிய பருவம் இந்த 2025-26. முதல் இரண்டு இடங்களுக்கு நேரடி ஏற்றம். மூன்று முதல் ஆறு வரையிலான இடங்களுக்கு பிளே-ஆஃப். ஏழாவதாக முடித்தாலும், அடுத்த ஆண்டுக்கான அணி ஒன்று கண்ணில் தெரிந்தால், அதை நல்ல பருவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறங்கும் அணிகளுக்குப் ‘பாராசூட்’ தொகை என்று பெரும்பணம் தருகிறார்களே, பிறகு எதற்கு இவ்வளவு கவலை? (மற்றொரு வாசகர்)

பதில்: பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு வருவாயில் அணிகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படும் பங்கில் முதலாண்டு 55 விழுக்காடும், இரண்டாம் ஆண்டு 45 விழுக்காடும், மூன்றாம் ஆண்டு 20 விழுக்காடும் இறங்கிய அணிக்குக் கிடைக்கும். ஒரே பருவம் மட்டும் மேலே இருந்து இறங்கிய அணிக்கு இரண்டு ஆண்டுகளோடு அது நின்றுவிடும்; லெஸ்டரின் நிலை இதுதான். இதனால் மற்ற சாம்பியன்ஷிப் அணிகளைவிட வசதி அதிகம் என்பது உண்மையே. ஆனால் மேல்பிரிவுக் கணக்கில் போட்ட சம்பள ஒப்பந்தங்கள் அணியோடு கூடவே கீழே வருகின்றன. மேலும், நிதி விதிகளை மீறியதாக லெஸ்டர் மீது 2025 மே மாதம் குற்றச்சாட்டு பதிவாகியிருக்கிறது. அது நிரூபிக்கப்பட்டால் புள்ளிகள் பறிபோகவும் கூடும். பணம் வருவதனால் கவலை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: எங்கள் கோல் நாயகன் ஜேமி வார்டியும் போய்விட்டார். இனி யாருக்காக மைதானத்துக்குப் போவது? (லெஸ்டர் வாசகரின் மகன்)

பதில்: தம்பி, வார்டிக்கு ஈடாக ஒருவரை என்னால் காட்ட முடியாது. ஐந்தாம் நிலைப் பிரிவில் ஆடிய ஃப்ளீட்வுட்டிலிருந்து 2012இல் வந்தவர், தம் ஐந்நூறாவது ஆட்டத்தில் இருநூறாவது கோலை அடித்துவிட்டு விடைபெற்றார். இப்படி ஒருவர் ஓர் ஊருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஆனால் 2025 ஏப்ரலில் நியூகாசிலுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய ஜெரமி மோங்காவைக் கவனித்தாயா? அப்போது அவருக்கு வயது 15. அணியின் சட்டையில் சூதாட்ட நிறுவனத்தின் பெயர் இருந்ததால், பதினெட்டு வயது நிரம்பாத அவருக்கு மட்டும் மார்பில் விளம்பரம் இல்லாத சட்டையைக் கொடுத்திருந்தார்கள். வார்டியும் முதல் நாளிலேயே வார்டியாக வரவில்லை. சாம்பியன்ஷிப்பில் அவருடைய முதல் பருவம் சோர்வளிப்பதாகவே இருந்தது. மோங்காவைப் போன்றவர்களுக்கு மேல்பிரிவில் ஒரு பருவத்தில் கிடைக்கும் நிமிடங்களைவிட இங்கே பல மடங்கு நிமிடங்கள் கிடைக்கும். அப்பா டிக்கெட் எடுத்தால், இடதுபுறத்தில் அவர் பந்தோடு ஓடுவது நன்றாகத் தெரியும் இருக்கையாகப் பார்த்து எடுக்கச் சொல்.