கடற்கரை ஊரில் பழைய ஆர்15 வாங்கி, சைலன்சரும் பெரிய டயரும் மாற்றி ஓட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியின் சுருக்கம் இதுதானே: ஊர் பாம்பன் பக்கம். வேலை ராமநாதபுரத்தில், தினமும் பாலம் தாண்டிப் போய் வரணும். செகண்ட் ஹேண்டில் ஒரு யமஹா ஆர்15 ஸ்போர்ட்ஸ் பைக், வி2 என்கிற இரண்டாம் தலைமுறை, விலைக்கு வருகிறது. வாங்கியதும் சத்தம் போடுகிற சைலன்சரும் பின்னால் 150 மில்லிமீட்டர் அகல டயரும் மாட்ட ஆசை. வீட்டிலோ "அது ரவுடிப் பயலுக வண்டி, சாகவா போற?" என்கிறார்கள்.

வாங்கலாம். ஓட்டலாம். சைலன்சரும் டயரும் வேண்டாம். அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த "ரவுடிப் பயலுக வண்டி" எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டதால் நான் நிறுத்தப்போவதில்லை.

என்னிடம் இருப்பது 2010 மாடல் ஆர்15, முதல் தலைமுறை. தொழில், மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் பெண்ணின் பெரியப்பா "மாப்பிள்ளை ரேஸுக்கெல்லாம் போவாகளோ?" என்று கேட்டார். அவர் மகன் நூறு சிசி வண்டியில் மூன்று பேராக, ஹெல்மெட் இல்லாமல் சுற்றுவது ஊருக்கே தெரியும். அவன் நல்ல பிள்ளை, நான் ரேஸ்காரன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. வருத்தமும் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கம்பெனி ஷோரூம் மெக்கானிக் இல்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முட்டி உரசுகிற தம்பிகள் "இவருக்கு என்ன தெரியும்" என்று கமென்டில் வருவார்கள், தெரியும். டிராக்கில் உப்புக்காற்று கிடையாது, கருவேலங்காட்டிலிருந்து ஆடு குறுக்கே பாயாது. உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதுதான் என் பிழைப்பே. அந்த அளவுக்கு மட்டும் என்னை நம்பினால் போதும்.

உங்களைப் போலவே என் அக்கா மகன் ஒருவன். போன மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றான். "மாமா, கீழக்கரையில ஒரு வி2 இருக்கு. கிலோமீட்டரே ஓடல. கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க வந்து ஒரு பார்வை பாத்தாப் போதும்." போனோம். வண்டிக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் தம்பிதான் காட்டினார். "காக்கா சவூதி போனதுல இருந்து கவர் போட்டே நிக்குது, யாரும் தொடல" என்றார் பெருமையாக. அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். எனக்கு அப்போதே வயிறு கலங்கியது. கடலோரத்தில் கவர் போட்டு நிறுத்திய வண்டியைவிட தினமும் ஓடிய வண்டி மேல். தார்ப்பாய்க்குள் ஈரமும் உப்பும் புழுங்கிக்கொண்டே கிடக்கும், காற்று ஏறாது.

வெளியே பார்த்தால் உண்மையிலேயே பளபளப்புதான். ஃபைபர் பாடி துருப்பிடிக்காது, அதனால் ஸ்போர்ட்ஸ் பைக்கில் எல்லாத் திருட்டுத்தனமும் ஃபைபருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "கழட்டிப் பாக்கலாமா?" என்றேன். அவர் முகம் கோணியது. மருமகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கழட்டினேன். இரண்டு போல்ட் அசையவே இல்லை, மூன்றாவதன் தலை கையோடு வந்துவிட்டது.

உள்ளே: ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டால் உப்புத்தூளாக உதிர்ந்தது. கூலன்ட் டப்பாவில் காவி நிறத்தில் ஏதோ நின்றது. யாரோ போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். ஒயர்களை இணைக்கும் கப்ளர்களில் பச்சைக் களிம்பு. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப்பில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் பொடிப்பொடியாகத் தட்டியது. இதை முக்கியமாகக் கவனியுங்கள். குரோமில் அந்தப் புள்ளிக்குழி விழுந்தால் எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் கிழிந்துகொண்டே இருக்கும். ஒழுகிய எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் இறங்கும், மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். டயரில் கட்டை தேயாமல் இருந்தது, ஓடாத வண்டிதானே. ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்கம் 1214. 2014ஆம் வருடத்தின் 12ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ரப்பர் இறுகி விறைத்துக் கிடந்தது. பெட்ரோல் டேங்கில் டார்ச் அடித்தால் சுவரெல்லாம் செந்துரு. பாதி டேங்கில் விட்டுப்போனால் அப்படித்தான். இன்ஜெக்டர் வண்டிக்கு அது நேராக பம்பில் போய் அடைக்கும்.

இவ்வளவையும் சொல்லி விலையை இறக்கித்தான் வாங்கினோம். இன்ஜினைத் தொட்டுப் பார்த்ததில் அது மட்டும் சுத்தம், அதனால்தான் வாங்க விட்டேன். பிறகு சைலன்சருக்கென்று அவன் சேர்த்து வைத்திருந்த காசு முழுக்க ரேடியேட்டர், ஃபோர்க் பைப், சீல், செயின் ஸ்பிராக்கெட் செட், இரண்டு டயர், பிரேக் ஆயில் என்று போனது. "மாமா, இவ்ளோ காசு போட்டும் வெளிய ஒண்ணுமே தெரியலையே" என்றான். தெரியாதுதான்.

இனி உங்கள் 150 டயர். என் வண்டியின் பின் டயர் 100/80 (முதல் எண்தான் அகலம்). "என்னண்ணே சைக்கிள் டயரு" என்று கேலி பேசாத பையன் இந்த ஊரில் இல்லை. 2011இல் வி2 வந்தபோது யமஹா அதை 130/70 ஆக்கியது. ஆனால் டயரை மட்டும் மாற்றவில்லை. ரிம்மை அகலப்படுத்தினார்கள், பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மை அலுமினியத்தில் கொடுத்தார்கள், இரண்டு சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை 1290 மில்லிமீட்டரிலிருந்து 1345 ஆக்கினார்கள், பின் ஸ்பிராக்கெட்டில் பல் கூட்டினார்கள். நீங்கள் அதே ரிம்மில் 150ஐத் திணித்தால் டயர் நடுவில் கூம்பி நிற்கும், வளைவில் தரையைத் தொடும் இடம் குறையும், எடை கூடும், பிக்கப் மந்தமாகும். 130லேயே புதிய தேதி உள்ள நல்ல டயராகப் போடுங்கள். போதும்.

சைலன்சர்? சட்டத்தை முதலில் சொல்கிறேன், பிறகு "மாமூல் கொடுத்தால் விடுவார்கள்" என்று யாராவது வருவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சத்தத்துக்கும் புகைக்கும் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசன்ஸும் மூன்று மாதம் போகும். அதை விடுங்கள். காசுக்கு லாபமாவது உண்டா? ஈசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், கம்பெனி சைலன்சருக்கென்று கணக்குப் போட்டு பெட்ரோல் விடுகிறது. குழாயை மட்டும் திறந்துவிட்டால் சத்தம்தான் கூடும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். மருமகனிடம் இதைச் சொன்னபோது "சத்தம் வந்தா ஆடு மாடு ஒதுங்கும்ல மாமா" என்றான். ஒதுங்காது, மிரண்டு குறுக்கே ஓடும். நம் ஊர் ஆட்டைப் பற்றி அவனைவிட எனக்கு அதிகம் தெரியும்.

ஓட்டுவதற்கு வருகிறேன். பாலத்தில்தான் இந்த வண்டிக்கு வேலை. 1988இல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், படகு போக நடுவில் உயர்த்திக் கட்டியது. முழு ஃபைபர் மாட்டிய வண்டி பக்கவாட்டுக் காற்றைப் பாய் போட்டு வாங்கும். ஆனியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மண்டபத்திலிருந்து பாம்பனுக்குப் போனால் காற்று உங்கள் வலப்பக்கம். நீங்கள் அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். எதிரே பஸ் வந்ததும் அது காற்றை மறைக்கும், சாய்ந்திருந்த வண்டி சட்டென்று பஸ்ஸை நோக்கி இழுக்கும். பஸ் தாண்டியதும் காற்று மறுபடி அறைந்து கைப்பிடிச் சுவர் பக்கம் தள்ளும். பாம்பனிலிருந்து காலையில் நீங்கள் வேலைக்குப் போகிற பக்கம் இன்னும் மோசம்: காற்று இடப்பக்கம், தள்ளுவது எதிர் வண்டிகளை நோக்கி. வாடைக்காற்று காலத்தில் இது அப்படியே தலைகீழ். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் உஷாராக இருக்க வேண்டும் என்று கடலுக்குப் போகிற உங்கள் வீட்டு ஆட்களிடமே கேட்கலாம்.

செய்ய வேண்டியது: முழங்காலால் டேங்கை இறுக்குங்கள், கையைத் தளர்த்துங்கள், குனியுங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் காற்று உங்கள் உடம்பில் அடிப்பதெல்லாம் ஸ்டியரிங்கில் இறங்கும். பாலத்தின் இரும்பு இணைப்புகளில் மழை ஈரம் இருந்தால் வண்டியை நேராக வைத்து, பிரேக் தொடாமல், ஆக்ஸிலேட்டரும் முறுக்காமல் தாண்டுங்கள். வி2வில் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் தடுப்பது) கிடையாது, நினைவிருக்கட்டும். முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். காலியான இடத்தில் பழகுங்கள், பாலத்தில் அல்ல. நடுப்பாலத்தில் வேனை நிறுத்தி ரயில் பாலத்தோடு செல்ஃபி எடுக்கிற சுற்றுலாக் கூட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, வாயில் நல்ல வார்த்தை வராது.

இன்னொன்று மீன் தண்ணீர். சூடை மீன் ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது ஐஸ் தண்ணீரும் மீன் எண்ணெயும் சேர்ந்து ஒழுகும். காய்ந்துவிட்டது மாதிரி தெரியும், காயாது. துறைமுகப் பக்கத்து வளைவுகளில் நாற்றம் வந்தால் கண்ணுக்குத் தெரியும்முன் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தனுஷ்கோடி ரோட்டில் அரிச்சல்முனை வரை நேர்கோடு, எல்லாருக்கும் அங்கே போனால்தான் டாப் ஸ்பீடு பார்க்கத் தோன்றும். ரோட்டின் மேல் காற்று மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கும், மெல்லிசாக, ரோட்டு நிறத்திலேயே. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், வெறும் பேருக்கு இல்லாமல் பட்டி மாட்டியது. இதற்கு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பராமரிப்பு என்றால் கழுவுவதுதான் பாதி. அதுவும் நல்ல தண்ணீரில். போர் தண்ணீரில் கழுவினால் உப்பைத் துடைத்து உப்பைப் பூசுவதுதான். இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் குழாய் இருக்கிறது, தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வண்டிக்காரனிடம் ஒரு குடம் பத்து ரூபாய். விடுதிகளுக்கு மட்டும் லாரி லாரியாகப் போகிறது. கேட்டால் "மோட்டார் ரிப்பேர்" என்கிறார்கள். படகு இன்ஜினே பிரித்து மாட்டுகிறவன் நான், எனக்குத் தெரியாத மோட்டாரா? வந்து பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. அக்கா குடத்தோடு நிற்கும்போது நான் வண்டி கழுவினால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எங்கள் வீட்டில் அரை வாளி நல்ல தண்ணீரும் ஈரத்துணியும்தான்: டிஸ்க் கேலிப்பர், ஃபோர்க், ரேடியேட்டர், செயின் பக்கம் மட்டும். ஃபைபர் அழுக்காகவே கிடக்கட்டும். பிரஷர் கன் வேண்டாம், ரேடியேட்டர் தகடு மடங்கும்.

செயினை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு செயின் எண்ணெய் (லூப்) அடியுங்கள், ஓ-ரிங் செயினாக இருந்தால் பெட்ரோலைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்தில் மாற்றுங்கள். கூலன்ட் கடையில் கலந்தே வருகிறது, அதையே வாங்குங்கள். ஃபைபர் போல்ட்டுகளை வருடம் ஒருமுறையாவது கழட்டி கிரீஸ் தொட்டு மாட்டுங்கள். இரும்பு போல்ட் அலுமினியத்தில் உப்போடு சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். படகில் இதற்காகத்தான் துத்தநாகக் கட்டி கட்டித் தொங்கவிடுகிறோம்.

வாங்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்தால் ஊருக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். என் மருமகன் விஷயத்தில் அந்தக் காக்கா விடுமுறைக்கு வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிச்சத்தைக் கொடுத்தோம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஸ்டியரிங் தலையில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். துருவில் ஒரு எண் மங்கியிருந்தாலும், எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும், "மறுபடி வாறேன்"னு சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.