அங்கத்துக்கு ஓர் ஆள் என்று பிரிக்காதீர்கள்

கேள்வி: வகுப்பில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைப் பற்றி 15 நிமிடம் பிரசன்டேஷன் தர வேண்டும். மூன்று அங்கங்களை மூன்று பேர் எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் வரலாறு ஒருவருக்கு, முடிவுரை ஒருவருக்கு. இதில் இரண்டு பேர் நாடகத்தையே படிக்கவில்லை. காசு கொடுத்தால் ஸ்லைடு முழுவதையும் செய்து தரும் ஆள் இருக்கிறாராம். எல்லாருக்கும் ஒரே மார்க் என்பதால் பயமாக இருக்கிறது.

பதில்: படிக்காத இரண்டு பேரை விட, நீங்கள் வேலையைப் பிரித்த விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. அங்கம் அங்கமாகப் பிரித்தால் மூன்று பேரும் கதைதான் சொல்வார்கள். மூன்றாவது ஆள் எழுந்து வரும்போது வகுப்பில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாடகத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு பொருளை எடுங்கள். உதாரணத்துக்கு, அந்தத் தபால் பெட்டி. அதன் சாவி நாயகி நோராவின் கணவன் ஹெல்மரிடம் மட்டும்தான். இரண்டாம் அங்கத்தில், நோராவுக்கு ரகசியமாகக் கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் அதை ஹெல்மருக்குப் போட்டுடைக்கும் கடிதம் அதற்குள் விழுகிறது. ஹெல்மர் பெட்டிப் பக்கம் போய்விடக் கூடாதே என்று நோரா தாரந்தெல்லா நடனத்தைத் தாறுமாறாக ஆடி, சொல்லிக்கொடுக்கும்படி அவனைப் பிடித்துவைக்கிறாள். மூன்றாம் அங்கத்தில் அவன் திறக்கப் போனால் பூட்டில் உடைந்த கொண்டை ஊசி. நோராவின் ஊசி. அவளோ பிள்ளைகள் வேலையாக இருக்கும் என்கிறாள். சொந்த வீட்டுத் தபால் பெட்டியைத் திருட்டுத்தனமாகத் திறக்கப் பார்க்கும் ஒரு பெண்! இதை வைத்தே நான்கு நிமிடம் பேசலாம்.

இன்னொருவர் கடன் பத்திரத்தை எடுக்கட்டும். நோராவின் அப்பா இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் அவர் போட்டதாக உள்ள கையெழுத்தின் தேதியோ அக்டோபர் 2. போட்டது நோராதான். படிக்காதவரிடம் முழுப் புத்தகத்தை நீட்டினால் படிக்க மாட்டார். இந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்து நான்கு தடவை படிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் வரலாறு வேண்டவே வேண்டாம். அந்த ஆளையும் ஒரு காட்சிக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், அந்த ஸ்லைடு வியாபாரி. தயவுசெய்து வேண்டாம். ஒரு முறை என் முன்னால் இரண்டு குழுக்கள் ஒரே ஸ்லைடோடு வந்து நின்றன. எழுத்துப் பிழை உட்பட அச்சு அசல். ஒன்றில் கடைசி ஸ்லைடில் வேறு யாரோ ஒருவர் பெயர்கூட அப்படியே இருந்தது. இந்த நாடகத்தில் கூடுதலாக ஒரு குழியும் உண்டு. நாடகம் வந்தது 1879இல். 1880இல் ஜெர்மன் மேடையில் நோராவாக நடிக்க வேண்டியவர், பிள்ளைகளை விட்டுப் போகும் முடிவில் நடிக்க மறுத்தார். வேறு யாராவது கைவைப்பதற்குள் இப்சனே மனசில்லாமல் ஒரு மாற்று முடிவு எழுதினார். அதில் நோரா போகவில்லை. அதைத்தான் மூல முடிவு என்று எங்காவது எடுத்து ஒட்டி விற்றிருந்தால், கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், விற்றவர் அல்ல.

கதையே சொல்லக் கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. வகுப்பில் பெரும்பாலோர் நாடகத்தைப் படிக்கவில்லை என்றால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் மட்டும், ஒன்றரை நிமிடத்துக்குள், முதலிலேயே. அதிலும் முடிவைச் சொல்ல வேண்டாம். இல்லை, முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் படித்திருந்தால்? படிக்காத பாதிக்காகச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் முடியுங்கள்.

மார்க் விஷயம். ஐந்து பேருக்கும் ஒரே மார்க் என்று எழுதிவைத்தவர் எந்தக் குழுவிலும் வேலை பார்த்திருக்க மாட்டார். ஸ்லைடின் நிறத்துக்குத் தனி மார்க், மூலத்தைப் படித்தாரா என்பதற்கு ஒன்றுமில்லை. எத்தனை வருஷமாகச் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. சரி, நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: யார் எந்தக் காட்சி என்று ஒரு தாளில் எழுதி, இப்போதே ஆசிரியரிடம் கொடுங்கள். புகாராக வேண்டாம், திட்டமாக. கடைசி நாளில் போய் அழுதால் பொறாமை என்றுதான் நினைப்பார்கள்.

ஒத்திகையைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். 13 நிமிடத்தில் முடிய வேண்டும். மீதி இரண்டு நிமிடம் புரொஜெக்டரை இணைப்பதிலேயே போய்விடும்.