கதிர்வீச்சு செய்த மீனுக்கும் ஐஸ் வேண்டும்

கேள்வி: பிடிபட்ட மீனை ஐஸ் போட்டு வைத்து விற்கிறேன். பத்து நாள் தாண்டினால் வாடை வந்துவிடுகிறது. கருவாட்டிலோ வண்டு விழுகிறது. கதிர்வீச்சு செய்துவிட்டால் ஐஸ் செலவே இல்லை என்கிறார்கள். நிஜமா? மீனில் கதிரியக்கம் தங்கிவிடாதா?

பதில்: ஐஸ் செலவு மிச்சமாகாது. கதிர்வீச்சு அழிப்பது மீனைக் கெடுக்கும் பாக்டீரியாக்களைத்தான். சதையிலுள்ள நொதிகள் அப்படியே இருக்கும். குளிர்ச்சி குறைந்தால் அவையே சதையைக் குழைத்துவிடும்.

பச்சை மீனுக்கு 1 முதல் 3 கிலோகிரே (உணவு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கொடுப்பார்கள். அதன்பின் ஐஸிலேயே வைத்திருந்தால் பத்து நாள் தாங்கும் மீன் ஏறக்குறைய இரு மடங்கு நாள் தாங்கும். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. பாட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் வித்துகள் இந்த அளவுக்குச் சாவதில்லை. அதில் 'இ' வகை 3.3 டிகிரி செல்சியஸிலேயே வளரத் தொடங்கும். வழக்கமாக, மீன் நஞ்சாகும் முன்பே நாற்றமடித்து நம்மை எச்சரித்துவிடும். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளைக் கொன்றுவிட்டால் அந்த எச்சரிக்கையும் போய்விடும். அதனால் 3 டிகிரிக்கு மேல் ஏறவே விடாதீர்கள். காற்றை உறிஞ்சி அடைத்த பையில் இந்தக் கிருமிக்கு இன்னும் வசதி. அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, காறிய எண்ணெய் வாடை வந்துவிடும். செவுள் வெளுத்த பழைய மீனையும் அனுப்பவேண்டாம். ஏற்கெனவே உண்டான ஹிஸ்டமின் நஞ்சைக் கதிர் நீக்காது.

உங்களுக்கு உண்மையான லாபம் கருவாட்டில்தான். வண்டுக்கு 1 கிலோகிரேக்குள்ளேயே போதும். கதிர்பட்ட வண்டு உடனே சாகாமல் சில நாள் ஊர்ந்துகொண்டிருக்கலாம், பயப்படாதீர்கள். அதன் இனம் பெருகாது. மருந்தைப்போல இது மீனில் படிந்து காவல் நிற்பதில்லை என்பதால், வெளியிலிருந்து புது வண்டு வந்தால் தடுக்க ஒன்றுமில்லை. நன்றாக உலர்த்தி, வண்டு துளைக்க முடியாத தடித்த பையில் அடைத்து, பையோடு கதிர்வீச்சுக்குக் கொடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்க வெயில்தான் வழி.

கதிரியக்கம் தங்காது. கதிரைத் தரும் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் மீனைத் தொடுவதே இல்லை. அதிலிருந்து வரும் காமா கதிர் ஊடுருவிப் போய்விடும். மீனைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் ஆற்றல் அந்தக் கதிருக்கு இல்லை. 10 கிலோகிரே வரை கொடுத்த உணவில் நச்சு அபாயம் இல்லை என்று உணவு வேளாண்மை அமைப்பு, சர்வதேச அணுசக்தி முகமை, உலக சுகாதார அமைப்பு ஆகியவற்றின் கூட்டு நிபுணர் குழு 1980-இல் முடிவு சொன்னது.

இதை வீட்டில் செய்ய முடியாது. கனமான கான்கிரீட் சுவர் கொண்ட, உரிமம் பெற்ற நிலையத்தில்தான் செய்வார்கள். முதலில் ஒரு சிறு பங்கு கருவாட்டை மட்டும் அனுப்பிப் பாருங்கள். அதே நாளில் உலர்ந்த இன்னொரு பங்கைக் கதிர்வீச்சு இல்லாமல் அதே மாதிரிப் பையில் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டு மாதம் கழித்து இரண்டையும் பிரித்தால் தெரிந்துவிடும்.