திருகோணமலையில் ஆறும் இருக்கிறது: கலியாணமான புதிதில் இரண்டு நாள் வருகிறவர்களுக்கு

நீங்கள் கேட்டது இதுதான்: இருவருக்கும் கொழும்பில் வேலை, கலியாணம் முடிந்து சில மாதம், வெள்ளி இரவு வெளிக்கிட்டுத் திங்கள் காலை வேலைக்கு நிற்க வேண்டும். மனைவிக்கு ஆற்றங்கரை ஊர் வேண்டும், கூட்டம் வேண்டாம். திருகோணமலையைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் நிலாவெளி, புறாத்தீவு என்று கடலையே சொல்கிறார்களே, அங்கே ஆறே கிடையாதா?

ஏன் இல்லை? நாட்டிலேயே நீளமான ஆறு 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலில் விழுவது எங்கள் கொட்டியாரக்குடாவில்தான். பேராதனையில் பாலத்தில் நின்று நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அதே மகாவலி. டவுனுக்குள் நின்றால் தெரியாது, குடாவின் தென்கரைக்குப் போக வேண்டும். உல்லாசப் பயணிகள் அநேகமாக எல்லோரும் வடக்கே நிலாவெளிப் பக்கம் திரும்பிவிடுவதால் தெற்கு ரோட்டில் நெருக்கடி இல்லை. உங்கள் மனைவி கேட்ட இரண்டும் அங்கே கிடைக்கும்.

நான் டவுனில் பிறந்து வளர்ந்தவன், மனுசிக்கு ஊர் கிளிவெட்டிப் பக்கம். ஆகவே அந்த ரோட்டு எனக்கு மாமியார் வீட்டு ரோட்டு. அதில் பாலங்கள் வரமுதல் கிண்ணியா, உப்பாறு, கங்கை (மகாவலிதான்), இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் இறங்கி மிதப்புப் பாதைக்கு, அதாவது வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டைப் படகுக்கு, காத்து நின்றுதான் மூதூர் போய்ச் சேர வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் மரநிழலில் குந்தியிருக்க வேண்டியதுதான். கைக்குழந்தைக்காரர் புறுபுறுப்பார்கள், சாமான் ஏற்றிய லொறிக்காரர் சத்தம் போடுவார். புதிதாகக் கலியாணம் செய்த எங்களுக்கு மட்டும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது எல்லா இடத்திலும் பாலம். நேரே ஓடினால் கண்மூடித் திறக்குமுன் ஆறு பின்னால் போய்விடும். அதனால் நான் சொல்லும் திட்டம் முழுக்க ஒரே விஷயத்துக்காகத்தான்: வாகனத்தை நிறுத்துங்கள், இறங்குங்கள், அடுத்த இடத்துக்கு அவசரப்படாதீர்கள். இடங்களை எண்ணிக்கொண்டு ஓடினால் இரண்டு நாளும் வாகனத்துக்குள்ளேயே கழியும், ஞாயிறு பின்னேரம் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறுவீர்கள்.

வருவதற்கு இரவு ரயிலே நல்லது. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறிப் படுத்தால் விடியப்புறம் இங்கே. காரில் வருவதானால் ஹபரணை தாண்டிக் கந்தளாய் வரை இரவில் ஓட வேண்டாம், யானை ரோட்டுக்கு வரும். ரயிலில் வந்தால் சீனக்குடா கிட்டவாகும்போது அவவை எழுப்பிவிடுங்கள். தண்டவாளம் தம்பலகாமக் குடாவின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு வரும், வெளிச்சம் வந்திருந்தால் தண்ணீர் தெரியும்.

அறையை நிலாவெளியில் போடாதீர்கள். நல்ல கடற்கரைதான், ஆனால் டவுனுக்கு வடக்கே 15 கிலோமீற்றர். ஆறு இருப்பது தெற்கே. போக வர அந்தத் தூரமே நேரத்தைத் தின்றுவிடும். உப்புவெளி போதும், அல்லது டவுனுக்குள் உட்துறைமுகத்தைப் பார்த்த பக்கம். பதியும்போது தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: விடியற்காலை வந்தால் பையையாவது வைக்க விடுவீர்களா, கடல் பார்த்த அறை என்றால் கட்டிலில் இருந்தே கடல் தெரியுமா, இல்லை பல்கனியில் எட்டிப் பார்த்தால்தானா? இரண்டு பேரும் அடையாள அட்டை கொண்டு வாருங்கள். தாலியைப் பார்த்ததும் சிரிக்கிற முதலாளியும் இருக்கிறார், அட்டை கேட்கிற முதலாளியும் இருக்கிறார்.

சனி காலை ஒன்றும் வேண்டாம். இடியப்பம், சொதி, சம்பல் என்று வயிற்றை நிரப்பிக்கொண்டு தூங்குங்கள். இங்கே பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் வெயில் காதலுக்கு எதிரி, அதுவும் ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் முகம் வெந்துபோகும். படுக்க முன்னம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: இரவுக்கு நண்டு வேண்டுமென்றால் காலையிலேயே சமையல்காரரிடம் சொல்லி வையுங்கள். சின்ன விடுதிகளில் சந்தைக்குப் போய் வாங்கி வந்து சமைத்துத் தருவார்கள். இரவு எட்டு மணிக்குப் போய்க் கேட்டால் கிடைப்பது கொத்து ரொட்டிதான்.

பின்னேரம் மூன்று மணிபோல வெளிக்கிடலாம். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதானால் இரண்டு ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். ஓட்டத் தெரியாதென்றால் ஓட்டோ. காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் காசை முதலே பேசிவிட வேண்டும். சீனக்குடா, வெள்ளைமணல் கடந்து கிண்ணியாப் பாலம் வரும். 2009இல் திறந்தது, 396 மீற்றர். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் பெரிய கொட்டியாரக்குடா. பின்னேரத்தில் காற்று வாங்க ஊர்ச்சனம் வந்து நிற்கும், நீங்களும் நிற்கலாம். ஆனால் நேரத்தை எல்லாம் இங்கேயே செலவழிக்க வேண்டாம், இது கடல்தண்ணீர். ஆறு இன்னும் வரவில்லை.

கிண்ணியாவில் தயிர் வாங்குங்கள். எருமைத் தயிர், மண்சட்டியில் உறைய வைத்தது. மேலே ஆடை மஞ்சளாகத் தடித்திருக்கும், கரண்டியை விட்டால் வெட்டிய இடம் வெட்டியபடியே நிற்கும். சட்டியைச் சரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், தண்ணீர் பிரிந்திருந்தால் வேறு கேளுங்கள். கித்துள் பாணி ஒரு சின்னப் போத்தல், இரண்டு கரண்டி. "காக்கா, நேற்று உறைஞ்சதா, இண்டைக்கு உறைஞ்சதா?" என்று கேட்டால் (காக்கா என்றால் இங்கே அண்ணன்) ஊர்க்காரர் என்று நினைத்து நல்லதாகவே எடுத்துத் தருவார். கிண்ணியாவும் மூதூரும் பெரும்பாலும் முஸ்லிம் ஊர்கள். வெள்ளி ஜும்மா நேரம் கடை பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை தேட வேண்டாம். உடுப்பிலும் கொஞ்சம் கவனம். கைகோத்து நடக்கலாம், அதற்கு மேல் அறைக்குப் போய்.

உப்பாறு கடந்தால் கங்கை, அதாவது மகாவலி. பாலத்தின் மேல் நிற்காதீர்கள், பஸ்காரர் ஓடும் ஓட்டம் அப்படி. பாலத்துக்கு முந்தியே ஓரம்கட்டிக் கீழே கரைக்கு இறங்குங்கள். நான் சொல்ல வந்த இடம் இதுதான். மலையில் கல்லுக்கு மேலால் குதித்த ஆறு இங்கே அவசரம் எல்லாம் விட்டு, அகன்று, மண் நிறத்தில், ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடக்கும். ஒரு இலையைப் போட்டுப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் போகிறது என்று விளங்கும். கடல் ஏற்றத்தில் சிலவேளை இலை திரும்பியும் வரும். நாலு மணிக்குப் பிறகு வீச்சுவலைக்காரர் வருவார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று, வலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தோளிலும் கையிலும் மடித்து, இடுப்பைத் திருப்பி ஒரு வீச்சு. வலை வட்டமாக விரிந்து ஈயக்குண்டு எல்லாம் ஒரே தரத்தில் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும். பிறகு மெள்ள இழுவை. வருவது அநேகமாக நாலு மணலை மீன், இரண்டு இறால், நிறையக் குப்பை. கரையில் சும்மா இருந்தீர்களென்றால் யாராவது ஒருவர், "எங்க இருந்து வாறீங்க தங்கச்சி? கொழும்பா? தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று உங்களை விட்டுவிட்டு அவவைத்தான் கேட்பார். தயிர்ச்சட்டியை அங்கே வைத்துத் திறவுங்கள்.

தண்ணீரில் கால் நனைக்க ஆசை வரும். ஊர்ச்சனம் இறங்கும் துறையில் மட்டும் இறங்குங்கள், மகாவலியில் முதலை உண்டு. நான் பயங்காட்டச் சொல்லவில்லை, வலைக்காரரே இடம் பார்த்துத்தான் இறங்குவார்.

நேரம் இருந்தால் மூதூர் வரை போய்த் திரும்பலாம். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த 1660இல் இந்தக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தகப்பனோடு சேர்ந்து இங்கேதான் கண்டியரசன் ஆட்களிடம் பிடிபட்டார். 1679 வரை மலைநாட்டில் கைதி. அவர் பிடிபட்ட இடம் என்று மூதூரில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. பெரிய காட்சி ஒன்றுமில்லை, வரலாற்றில் விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், கங்கைக் கரையிலேயே பொழுதுபட இருங்கள்.

ஆற்றங்கரை என்றதும் ஊர்க்காரர் சிலர் வெருகலைச் சொல்வார்கள். சொல்வது சரிதான். மகாவலியின் கிளை, கரையில் சித்திரவேலாயுதர் கோயில், நல்ல நிழல். ஆனால் மூதூரையும் தாண்டி நெடுந்தூரம், வழியில் யானை நடமாட்டம், பொழுதுபட முன் திரும்பியாக வேண்டும். இரண்டு நாளுக்குள் அதைத் திணிக்க வேண்டாம். போயா என்ற பௌர்ணமி லீவோடு மூன்று நாள் கிடைத்தால் ஒரு காலையை முழுதாக அதற்கே கொடுங்கள். அந்த நீண்ட லீவுகளில் டவுன் யாத்திரை பஸ்களால் நிறைந்து வழியும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஞாயிறு விடியக் கோணேசர் கோயில். கோயில் இருக்கும் பழைய கோட்டையின் வாசலுக்குள் நுழைந்ததும் புள்ளிமான் எதிரே நிற்கும். கையில் உள்ளதைக் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே பிளாஸ்டிக் தின்று கெட்டுப்போன வயிறு. சம்பந்தர் தேவாரம் பாடிய தலம், 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த பிறகு இப்போதிருப்பது பிற்காலக் கட்டடம். பூசை முடித்து மலை விளிம்புக்கு வாருங்கள். இராவணன் வெட்டு என்று நாங்கள் சொல்லும் பிளவு ஒரு பக்கம், வெள்ளைக்காரர் காதலர் பாய்ச்சல் என்று பெயர் வைத்த பாறை ஒரு பக்கம். காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போனதால் ஒரு ஒல்லாந்துப் பெண் இங்கிருந்து குதித்தாள் என்பது கதை, 1687 என்று பொறித்த தூணும் உண்டு. பழைய ஆவணங்களைப் புரட்டியவர்களோ அவள் பிற்பாடு இன்னொருவரைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தாள் என்கிறார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும். பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள் தொங்கும். கலியாணமாகிச் சில மாதம் என்றால் மாமிமார் தொலைபேசியில், "கட்டினீங்களா?" என்று கேட்பார்கள். பதிலை முதலே யோசித்து வையுங்கள்.

புறாத்தீவைப் பற்றி: 2003இலிருந்து தேசிய பூங்கா, பவளப்பாறையும் மீனும் உண்மையிலேயே அழகு. ஆனால் டிக்கெட், படகு, வரிசை என்று அரைநாள் போய்விடும், வார இறுதியில் கூட்டமும் அதிகம். மனைவி கேட்டது ஆறு, கூட்டமில்லாத இடம். இரண்டுக்கும் அது பதில் இல்லை. கன்னியா வெந்நீர் ஊற்று, ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. புதுமணத் தம்பதியருக்கு ஏற்ற இடம் என்று யாரோ எழுதிவிட, கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நாங்கள் அங்கே போவது பெரும்பாலும் செத்தவர்களுக்குக் கிரியை செய்ய. போகலாம், குளிக்கலாம், குற்றமில்லை, ஆனால் தேன்நிலவு என்று நான் சொல்லமாட்டேன்.

ஞாயிறு பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரையில் இறால் வடையோடு கழியும். அதற்கு ஒரு திட்டமும் தேவையில்லை.

எந்த மாதம் என்றும் கேட்டிருந்தீர்கள். கடலுக்கு வருவதானால் வைகாசியிலிருந்து ஆவணி வரை. ஆற்றுக்கு வருவதானால் என் கணக்கு மாசி, பங்குனி. வாடை மழை விட்டிருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், ரோட்டோர வயல்களில் அறுவடை நடக்கும், கடலும் அடங்கத் தொடங்கியிருக்கும். கார்த்திகை, மார்கழி மட்டும் வேண்டாம், மகாவலி பெருகினால் அந்தப் பக்கத்து ரோட்டே தண்ணீருக்குள். நாள் முடிவானதும் அறைக்கு முந்தித் திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள். ஞாயிறு இரவு ரயிலில் கொழும்புக்குத் திரும்புகிற வேலைக்காரர் கூட்டம், கடைசி நேரத்தில் இரண்டு சீட் அருகருகே கிடைப்பது கஷ்டம்.