தாத்தாவின் பேச்சும் பேத்தியின் படிப்பும்

பாம்பனிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

“பேச்சு வராதவங்களோட உட்கார்ந்து பேசுறதெல்லாம் ஒரு படிப்பா? மகளை நர்சிங்லயே சேர்த்துடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான். பி.ஏ.எஸ்.எல்.பி. என்று பெயர்; பேச்சு, செவித்திறன் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு. மூன்று வருட வகுப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப்.

பக்கவாதத்துக்குப் பிறகு உங்கள் மாமனார் சீலா மீனைப் பார்த்து ‘தோணி’ என்கிறார், அதனால் புத்தி மங்கிவிட்டது என்கிறீர்கள். அதே மனிதர்தான், வியாபாரி எடையைக் குறைத்தபோது இடது கையால் தராசைத் தட்டிச் சண்டைக்குப் போயிருக்கிறார். புத்தி மங்கியவர் எடையில் கோட்டை விடாமல் இருப்பாரா? இது அஃபேசியா, அதாவது மொழித்திறன் பாதிக்கப்படும் நிலை போலத்தான் தெரிகிறது. பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தில், மொழியைக் கவனிக்கும் இடங்கள் அடிபட்டால் வருவது. 1861-இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த நோயாளிக்கு வாயில் வந்தது கிட்டத்தட்ட ‘டான்’ என்ற ஒலி மட்டும்தான். மற்றவர்கள் பேசியது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. இலக்கணமே கைவிட்டுப்போன சிலர் கணக்கைச் சரியாகப் போட்டதை ஆராய்ச்சியாளர் ரோஸ்மேரி வார்லியின் குழு 2005-இல் காட்டியது.

அதற்காக எல்லோருக்கும் எண்ணம் அப்படியே இருக்கிறது, வாய்தான் வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சிலருக்குக் கேட்பதைப் புரிந்துகொள்வதே தடுமாறும். எது போனது, எது மிச்சம் என்று படம் காட்டி, கேள்வி கேட்டுப் பிரித்துப் பார்ப்பதுதான் தெரபிஸ்டின் முதல் வேலை.

உங்கள் மகள் ‘சீ...’ என்று எடுத்துக் கொடுத்ததும் தாத்தா ‘சீலா’ என்று முடித்தாராமே! மீன் தெரியாமல் போகவில்லை, பெயர்தான் சிக்கிக்கொண்டது. இப்படி முதல் ஒலியைக் கொடுப்பது தெரபியில் உள்ள முறைதான். எங்கே பிடிபடும், குழம்பா பொரியலா என்று மீனைச் சுற்றியே கேட்டுப் பெயரை வரவழைப்பது இன்னொரு முறை. சொல்லிக்கொடுக்காமலே இதைச் செய்கிற பெண்ணை நர்சிங்கில் சேர்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஒன்று. வேலைக்குப் போனால் பெரும்பாலும் வருவது பேச்சு தாமதமான, காது கேளாத குழந்தைகள், தாத்தாக்கள் அப்புறம்தான். அது அவளுக்குப் பிடிக்குமா என்று கேளுங்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். மைசூரில் 1965-இல் தொடங்கிய மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது; சென்னைப் பக்கம் முட்டுக்காட்டிலும் மத்திய அரசு நிறுவனம் உண்டு. தனியார் கல்லூரி என்றால், பணம் கட்டும் முன் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். படித்து முடித்து அந்தக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் தொழில் செய்ய முடியும்.

அட்மிஷனுக்கு நாள் இருக்கிறது. தாத்தாவுக்குத் தெரபியை அதுவரை தள்ளிப்போட வேண்டாம். அழைத்துப் போகும்போது மகளும் கூடப் போகட்டும்.