டீசல் ரிட்டர்ன் கோளாறு: கேளுங்கள், சொல்கிறேன்

டேங்கிலிருந்து கிளம்பும் டீசல் முழுவதும் எரிவதில்லை. ஒரு பகுதி பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் உறுப்புகள்) சுற்றி வந்து, சூடாகி, ரிட்டர்ன் பைப் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். இந்தத் திரும்பும் பாதையைப் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அதற்குள் நல்ல இன்ஜெக்டர்கள் கழற்றி வீசப்பட்டிருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் சிங்கப்பூரில் வண்டியோடு புழங்குபவர்களின் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

சுங்கை காடுட், லாரி ஓட்டுநர்: அண்ணே, காலையில் மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஓடிவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. இன்ஜெக்டர் போய்விட்டது என்கிறார் தவுக்கே (முதலாளி).

இன்ஜெக்டரை இப்போதைக்கு விடுங்கள் தம்பி. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் தகராறு செய்தால் முதல் சந்தேகம் காற்று மேல்தான். ரிட்டர்ன் ஹோஸின் நுனியில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தால் போதும். ஓடும்போது அந்த இடத்தில் லேசான ஈரம் மட்டும் தெரியும். வண்டி நின்றதும் லைனில் உள்ள டீசல் டேங்கை நோக்கி இறங்கும், வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே ஏறும். துணி பின்னிய ஹோஸில் இது கண்ணுக்கே தெரியாது. நுனியை விரலால் வளைத்துப் பாருங்கள், ரப்பர் வாய் பிளந்து காட்டும்.

நாளைக் காலை செல்ஃப் அடிக்கும் முன் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்ப்பை இறுகும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் காற்றுதான். எந்தப் பக்கம் நுழைகிறது என்று அறிய, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஓர் அடி ஒளிபுகும் ஹோஸ் போட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள். அங்கே குமிழி ஓடினால் டேங்க் பைப், ஃபில்டர் வாஷர், கைப்பம்ப் என்று பின்னோக்கிப் போங்கள். குமிழி இல்லாவிட்டால் ரிட்டர்ன் பக்கத்தைப் பாருங்கள்.

துவாஸ், கம்பெனி வேன் பார்த்துக்கொள்பவர்: எங்களுக்கு நேர் எதிர். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட். மத்தியானம் சாமான் இறக்கிவிட்டு வந்தால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது.

இதுதான் ரிட்டர்ன் அதிகமாகப் போவதன் நேர் அடையாளம். டீசல் சூடானால் இளகும். தேய்ந்த இன்ஜெக்டருக்குள் இளகின டீசல் எளிதாகக் கசிந்து ரிட்டர்னுக்கு ஓடிவிடும். பெரும்பாலான காமன் ரயில் இன்ஜின்களில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் தரும் பொதுவான ஹை பிரஷர் குழாய்தான் ரயில். அதில் உள்ள அழுத்தம் ஏறத்தாழ 200 பாரைத் (பார் என்பது அழுத்த அளவு) தொடாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. செல்ஃப் சுற்றும் வேகத்தில் பம்ப் தருவது கொஞ்சம்தான். அதிலும் பாதி கசிந்தால் அழுத்தம் எப்படி ஏறும்?

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ஹோஸ்களைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரே நீளத்தில் ஒளிபுகும் குழாய் மாட்டி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விடுங்கள். கழற்றின ரிட்டர்ன் பைப்பின் வாயை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்ப்பின் ரிட்டர்ன் அந்த வழியே கொட்டும். இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்கும்போது, வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜினை இரண்டு நிமிடம் ஸ்லோவில் ஓடவிடுங்கள். ஸ்டார்ட்டே ஆகாவிட்டால் பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் மட்டும் அடியுங்கள். பிறகு பாட்டில்களை வரிசையாக வைத்து மட்டம் பாருங்கள். மூன்று ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்று மட்டும் இரண்டு மடங்கு ஏறியிருந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். நான்குமே ஏறியிருந்தால் அந்த இன்ஜினுக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒன்றில் சொட்டே விழவில்லை என்றாலும் சந்தோஷப்படாதீர்கள், அது திறக்காமலே கிடக்கலாம்.

நான்கும் சமமாகவும் குறைவாகவும் இருந்தால் ரயிலின் முனையில் உள்ள லிமிட்டர் வால்வை (அழுத்தம் அளவு மீறினால் மட்டும் திறப்பது) பாருங்கள். அதன் ரிட்டர்னைக் கழற்றி செல்ஃப் அடித்தால் ஒரு சொட்டுகூட வரக்கூடாது.

இரண்டு எச்சரிக்கை. ஓடும் இன்ஜினில் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. அப்புறம், பாட்டில் டீசலை வடிகாலில் ஊற்றாதீர்கள். இங்கே பல வடிகால்கள் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன.

காக்கி புக்கிட், பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்: ஸ்கேனரில் பி0087 வருகிறது. பம்ப் மாற்றலாமா?

அந்தக் கோளாறுக் குறியீடு சொல்வது ஒன்றுதான்: ரயிலில் அழுத்தம் போதவில்லை. யார் காரணம் என்று அது சொல்லவில்லை. முதலில் ஃபில்டர், பிறகு டேங்கிலிருந்து வரும் லைன், பிறகு மேலே சொன்ன பாட்டில் சோதனை. மூன்றும் சரியாக இருந்தால்தான் பம்ப்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு, கடைசியில் பம்ப். விலை அதிகமான உறுப்பிலிருந்து தொடங்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஊபி, கார் வைத்திருப்பவர்: ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றியதுமே இன்ஜின் நின்றுவிட்டது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

இல்லை. உங்களுடையது பீசோ இன்ஜெக்டராக (மின்சாரம் பாய்ந்தால் விரியும் படிகத்தால் இயங்குவது) இருக்கும். பல பீசோ வகைகளுக்கு ரிட்டர்ன் லைனில் ஏறத்தாழ 10 பார் எதிர் அழுத்தம் வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் வால்வுள்ள சோதனைக் கருவி தனியாக உண்டு. வெறும் பாட்டில் வைத்து அளக்க முடியாது.

ஜூரோங், டிப்பர் லாரி ஓட்டுநர்: இன்ஜின் ஆயில் குறையாமல் ஏறுகிறது. முகர்ந்தால் டீசல் வாசனை.

லாரியை ஓட்டாதீர்கள். சில லாரி இன்ஜின்களில் ரிட்டர்ன் பைப் வால்வு கவருக்கு உள்ளேயே ஓடுகிறது. அங்கே ஒரு வாஷர் கசிந்தாலும் வெளியே ஒரு துளி தெரியாது, எல்லாம் ஆயிலில் கலந்துவிடும். ஹை பிரஷர் பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போனாலும் இதே கதைதான். யூரோ 6 வண்டியாக இருந்தால் (இங்கே புது டீசல் வண்டிகளுக்கு 2018 முதல் அதுதான் விதி) இன்னொரு காரணமும் உண்டு: புகைக்கரி ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கூடுதலாகத் தெளிக்கும் டீசல். சுத்தம் செய்வது அடிக்கடி பாதியில் நின்றால் அது ஆயிலில் இறங்கும். எதுவானாலும் இளகின ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். காரணத்தைக் கண்டு சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகு எடுங்கள்.

பயனியர், ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக்: பழைய ரோட்டரி பம்ப். ஹோஸ் மாற்றியதிலிருந்து இழுவை இல்லை, நின்று நின்று போகிறது.

பம்ப்பின் ரிட்டர்ன் போல்ட் தலையில் ‘அவுட்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதற்குள் ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளை. பம்ப்பின் உள் அழுத்தத்தைக் காப்பது அதுதான். வெளிப் பார்வைக்கு இரண்டு போல்ட்டும் ஒன்றுபோல இருப்பதால் டீசல் வரும் பக்கத்தில் அதை மாட்டிவிடுவார்கள். இரண்டையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ், தினமும் ஜொகூர் போய் வருபவர்: அங்கே ஊற்றும் டீசல் ஹோஸைக் கெடுக்குமா?

மலேசிய டீசலில் பாமாயில் பயோடீசல் கலப்பு உண்டு. புது வண்டிக்குக் கவலை வேண்டாம். பழைய வண்டியின் சாதாரண ரப்பர் ஹோஸ் நாளடைவில் ஊறி மெத்தென்றாகலாம். மாற்றும்போது பயோடீசல் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ரிட்டர்ன் பைப்பைப் பிளையரால் நசுக்கினால் ரயில் அழுத்தம் கூடும் என்று ஒருவர் செய்துகொடுத்தார். வண்டி ஓடவும் செய்கிறது. அப்படியே விடலாமா?

கூடாது. இன்ஜெக்டர் திறந்து மூடுவதே ரிட்டர்ன் தாராளமாக வெளியேறுவதை நம்பித்தான் இருக்கிறது. வழியை அடைத்தால் தெளிக்கும் அளவு குளறும், இன்ஜின் ஒரு சீராக ஓடாது. அதைவிட மோசம், அதிக அழுத்தம் தாங்காத அந்த ஹோஸ் பிய்த்துக்கொண்டால் சூடான டீசல் எக்ஸாஸ்ட் மேல் விழும். வண்டி தீப்பிடிக்க அது போதும். இன்றே நசுங்கிய பைப்பை எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள், அப்புறம் நான்கு பாட்டிலையும் எடுத்து வையுங்கள்.